ஜூலை மாதத்துப் பனி

அத்தியாயம் 4

தட்டில் மோர்க்குழம்பை ஊற்றிக் கையை வைத்த நேரம் பார்த்து ஒருவனை எழுப்பிக்கொண்டு போவது பெரிய பாவம். அந்தப் பாவத்தை எங்கள் செல்வாம்பாள் மேடம் வாரத்துக்கு மூன்று தடவையாவது செய்வார்.

"எழுந்திரு கமலு. அஞ்சு மணிக்குள்ள முடிக்கணும்."

"சோத்தையா மேடம்?"

"கேஸை. கையைக் கழுவு."

கழுவினேன். வேறு என்ன செய்ய? சம்பளம் தருகிறவர் அவர். ஜெராக்ஸ் கடை மாடியில் இருக்கும் எங்கள் துப்பறியும் நிலையத்தில் துப்பறிகிறவர் அவர். நிலையமாக உட்கார்ந்திருப்பவன் கமலக்கண்ணனாகிய நான். மேடத்துக்கு நாற்பத்தெட்டு வயது. உட்காரத் தெரியாது. யோசிக்க வேண்டுமென்றால் வாயில் ஒரு கிராம்பைப் போட்டுக்கொண்டு நடப்பார். ஜன்னலிலிருந்து கதவு, கதவிலிருந்து ஜன்னல். நேற்று காலையிலிருந்து நடந்த நடைக்கு அவர் கடலூருக்கே போய்ச் சேர்ந்திருக்கலாம்.

நடக்க வைத்த விஷயம் இதுதான். புதுச்சேரிக்குப் பக்கத்தில், சேதராப்பட்டில் ஒரு கம்பெனி. அதில் கமருஸ்ஸமான் என்று ஓர் எலெக்ட்ரீஷியன். அவருடைய ஆறு வயது மகன் ஹாதிக்கு ஆட்டிசம். பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்ப மாட்டான். பசித்தால் கேட்கத் தெரியாது, சுவரில் தலையை முட்டிக்கொள்வான். இதற்கு மாத்திரையும் இல்லை, ஊசியும் இல்லை. பொறுமையாக, சின்னச் சின்னதாக, தினமும் மணிக்கணக்கில் பயிற்சி கொடுக்க வேண்டும். நடத்தைப் பயிற்சி என்று பெயர். படுக்கையில் படுக்காத நோயாளிக்குப் பணம் கொடுப்பது நம் இன்சூரன்ஸ்காரர்களுக்குப் பழக்கமே கிடையாது. ஆனால் அந்தக் கம்பெனியின் வெளிநாட்டு முதலாளி பிடிவாதம் பிடித்து, தொழிலாளர்களின் குரூப் பாலிசியில் இந்தப் பயிற்சிக்கும் செலவு உண்டு என்று ஒரே ஒரு வரியைச் சேர்க்க வைத்திருந்தார். அந்த ஒரு வரியில்தான் ஏழு மாதமாக ஹாதியின் பயிற்சி ஓடிக்கொண்டிருந்தது.

பத்து நாள் முன்னால் இன்சூரன்ஸ் ஆபீசுக்கு ஒரு மொட்டைக் கடுதாசி வந்தது. 'பையனுக்கு ஒரு குறையும் கிடையாது. அருமையாகப் பேசுகிறான். ஆதாரம் இத்துடன்' என்று டைப் அடித்திருந்தது. ஆதாரம், ஒரு ஆடியோ கேசட்.

கடுதாசியின் நகலை நேற்றே எங்களிடம் கொடுத்துவிட்டார்கள். கேசட்டைக் கண்ணில் காட்டவில்லை. இன்று ஒன்றரை மணிக்குத்தான், வந்து கேட்டுக்கொள்ளுங்கள் என்று பெரிய மனது பண்ணிப் போன் செய்தார்கள்.

இன்சூரன்ஸ் ஆபீசில் க்ளெய்ம் அதிகாரி ராஜவேல். சட்டைப் பையில் நாலு பேனா. எங்களை வைத்து விசாரிக்கச் சொன்னவரே அவர்தான், ஆனாலும் விசாரித்து முடித்தவர் போலத்தான் பேசினார்.

"இன்னும் என்ன மேடம் விசாரணை? நீங்களே கேளுங்க." டேப்பைத் தட்டினார்.

ஒரு குழந்தைக் குரல். தங்கு தடையில்லாமல், மூச்சு விடுகிற இடத்தில் விட்டு, ஏற்ற இறக்கத்தோடு பிரெஞ்சு பேசியது. ஒரு நிமிஷம், ரெண்டு நிமிஷம். எனக்கு வாய் பிளந்துவிட்டது. பத்தாம் வகுப்பில் பிரெஞ்சு எடுத்து முப்பத்தாறு மார்க் வாங்கியவன் நான்.

"வெள்ளைக்காரன் தோத்தான்! இந்தப் புள்ளைக்கு ஆட்டிசமாம். பேசத் தெரியாதாம். பிரெஞ்சு பேசற புள்ள ஊர்ல எதுக்குத்தான் லாயக்கில்ல? கவர்மென்ட் ஆபீசர் ஆவான் மேடம் இவன்" என்றார் ராஜவேல்.

மேடம் பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் படித்தவர். டேப்பைத் திரும்ப ஓடவிட்டுக் கேட்டார். அப்புறம் பக்கென்று சிரித்தார்.

"என்ன பேசறான்னு தெரியுமா சார்? ஆல்ப்ஸ் மலைப்பக்கம் பனி கொட்டுமாம். லியோன்ல ரெண்டு டிகிரியாம். வண்டி ஓட்டறவங்க ஜாக்கிரதையா போகணுமாம். இது டிவில வர்ற வானிலை அறிக்கை. இவன் பேசல, கேட்டதை அப்படியே திருப்பிச் சொல்றான். ஆட்டிசம் இருக்கிற நிறைய புள்ளைங்க இப்படிச் சொல்லும். அர்த்தம் தெரியாது, ராகம் மாறாது."

"எதுவா இருந்தா என்ன? வாயைத் திறந்து பேசறானா இல்லியா?"

"என் செல்போன் கூடத்தான் பாடுது சார்" என்றேன். "அதைக் கச்சேரிக்குக் கூப்பிடுவீங்களா?"

ராஜவேல் என்னைப் பார்த்த பார்வையில் மோர்க்குழம்பு சூடாகியிருக்கும். "மேடம், உங்க விளக்கத்தை நான் ஃபைல்ல எழுத முடியாது. டாக்டர் சர்டிபிகேட்டும் எடுபடாது, அதையே பொய்னுதான் புகார். புகார் கொடுத்த ஆளு யாருன்னு கண்டுபிடிங்க. அவரே 'நான் சொன்னது தப்பு'ன்னு எழுதிக் கையெழுத்துப் போடணும். அஞ்சு மணிக்கு ஃபைல் சென்னைக்குப் போவுது. போச்சுன்னா மோசடின்னு முடிவாயிடும். பயிற்சிக்குக் காசு நிக்கும், பாலிசியில அந்த வரியையே அடிச்சிடுவாங்க. கமருஸ்ஸமானுக்குக் கம்பெனில ஏற்கெனவே மெமோ குடுத்தாச்சு. வேலையும் போயிடும்."

மேடம் கேசட்டை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். மேலே ஒட்டியிருந்த காகிதத்தில் பேனாவால் தேதி மட்டும் எழுதியிருந்தது. 17-7-2007.

"கமலு, இதுல என்ன தெரியுது?"

"பதினேழாம் தேதி தெரியுது. மூணு ஏழுக்கும் இடுப்புல பெல்ட் கட்டியிருக்காரு."

"அதேதான். ஏழுக்கு நடுவுல குறுக்குக் கோடு. கடுதாசியை டைப் அடிக்கத் தெரிஞ்ச ஆளுக்கு, தேதி எழுதும்போது கை பழக்கத்துல போயிடுச்சு. பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்துல அடி வாங்கிக் கத்துக்கிட்ட ஏழு இது. நானும் இப்படித்தான் எழுதுவேன்."

"அப்ப நீங்கதானா மேடம் அது?"

"வாயை மூடு. டேப்புல வேற என்ன கேட்டுச்சு?"

இந்த இடத்தில் நான் கொஞ்சம் பெருமைப்பட்டுக்கொள்ளலாம். "பின்னாடி பாங்கு சத்தம். சாயங்காலப் பாங்கு. பள்ளிவாசல் ரொம்பக் கிட்ட. அப்புறம், பையன் குரல் மைக்குக்குப் பக்கத்துல, ஒரே சீரா வருது. ஒளிஞ்சு எடுத்த மாதிரி இல்ல. எதிர்ல உக்காந்து எடுத்திருக்காங்க."

"சபாஷ். உனக்கு ராத்திரி பிரியாணி."

"மத்தியானச் சோறே இன்னும் பாக்கி மேடம்."

காதில் வாங்காமல் படியிறங்கிவிட்டார்.

ஹாதியின் வீடு இருந்த முல்லா வீதிக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி மூன்று. வண்டியில் என் பின்னால் உட்கார்ந்திருந்த பத்து நிமிஷமும் மேடம் என் தோளில் விரலால் தட்டிக்கொண்டே வந்தார். ஆடிக்காற்று மண்ணை வாரி முகத்தில் அடித்தது. சிக்னலில் நின்றால், ஏன் நின்றாய் என்று என்னைத் திட்டினார். சிவப்பு விளக்கு போட்டது நானாம்.

கதவைத் திறந்தவர் ஹாதியின் அம்மா ரமீஜா. முப்பது வயது இருக்கும். முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு, நாங்கள் யாரென்று சொன்னதும் வாசலை மறித்துக்கொண்டு நின்றார்.

"இன்சூரன்சா? இன்னும் என்ன பாக்கணும்? என் புள்ள நடிக்கிறானான்னு பாக்க வந்தீங்களா? உள்ள வாங்க, நல்லாப் பாருங்க."

உள்ளே தரையில் ஹாதி. வெள்ளைப் பீங்கான் ஃபியூஸ் கட்டைகளை ஒன்றன் பின் ஒன்றாக, நூல் பிடித்த மாதிரி வரிசை வைத்துக்கொண்டிருந்தான். அப்பா வேலையிலிருந்து கழித்துக் கொண்டுவந்தவை. என் கால் ஒரு கட்டையில் லேசாகப் பட்டதும் காதைப் பொத்திக்கொண்டு கத்த ஆரம்பித்தான். அவன் அடங்கக் கால் மணி ஆனது. மேடம் கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து என்னைக் கண்ணாலேயே பொசுக்கினார்.

"புது ஆளுங்கன்னா இப்படித்தான்" என்றார் ரமீஜா. கோபம் இறங்கிக் களைப்பு வந்திருந்தது. "அவங்க அத்தா ரெண்டு நாளா சரியா சாப்புடல. திருட்டுப் பட்டம் கட்டிட்டாங்களேன்னு புலம்பறாரு. பயிற்சி நின்னா என் புள்ள பழையபடி சுவத்துல முட்டிக்குவான். நாங்க கைக்காசு போட்டு எத்தினி நாளு நடத்த முடியும்? ஏழு மாசத்துல மூணு வார்த்தை வந்திருக்கு மேடம். மூணு! போதும், வேணாம், கதவு. அதுக்கே எனக்கு அன்னிக்கெல்லாம் அழுகை."

"புகார் எழுதினது யாரா இருக்கும்னு நினைக்கிறீங்க?"

"வேற யாரு? என் நாத்தனா லமீஸ். குடும்ப மானம் போவுதாம். புள்ளைக்கு நோய்னு பேரு வெச்சு ஊரெல்லாம் காட்டறேனாம்."

"அவங்க எழுதினது ஏதாவது வீட்ல இருக்கா? நம்பர் இருக்கணும்."

ரமீஜா அலமாரிக்குள் தேடி, ஒரு கல்யாணத்துக்கு ஜாக்கெட் அளவு எழுதிக் கொடுத்த சீட்டை நீட்டினார். முப்பத்தேழு என்று இருந்தது. ஏழு வெறும் இடுப்போடு நின்றது.

"நாத்தனா தப்பிச்சாங்க" என்றேன். "உங்களுக்குத்தான் வருத்தம் போலருக்கு."

ரமீஜாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வந்ததற்காக உடனே வாயைப் பொத்திக்கொண்டார்.

மேடம் சுவரில் ஒட்டியிருந்த கட்டம் போட்ட பெரிய தாள் முன்னால் நின்றிருந்தார். பயிற்சி கொடுக்கிற பார்வதி டீச்சர் தினமும் குறிப்பதாம். சிவப்புக் கோடு, ஹாதி ஒரு நாளில் டிவியில் கேட்டதைத் திருப்பிச் சொல்லும் தடவைகள். நீலக் கோடு, தானாகச் சொந்தமாகச் சொல்வது. ஜனவரியில் சிவப்பு நாற்பதில் இருந்தது. மெல்ல மெல்ல இறங்கி, ஜூலை நடுவில் ஆறுக்கு வந்திருந்தது. நீலம் இப்போதுதான் தரையை விட்டு எழும்பப் பார்த்தது.

"திருப்பிச் சொல்றதை டீச்சர் தடுக்கறாங்களா?"

"இல்ல மேடம். திட்டவே கூடாதும்பாங்க. அவனோட சொந்தப் பேச்சு வர வர, அது தானா குறையுதாம்."

"இந்த பிரெஞ்சு எங்க கேக்கறான்? உங்க வீட்ல டிவி காணோமே."

"அடுத்த வீட்ல. சொல்தா தாத்தா வீட்ல." பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்தவர்களைப் புதுச்சேரியில் அப்படித்தான் சொல்வார்கள். ரமீஜாவின் முகமே மாறிவிட்டது. "ராஜாங்கம் தாத்தா. எங்களுக்கு அல்லா குடுத்த மனுஷன். இந்தத் தெருவுல என் புள்ளைய யாரும் வாசப்படி ஏத்த மாட்டாங்க, சாமானை உடைச்சிடுவான்னு. அவரு ஒருத்தருதான் ஒரு வருஷமா தினம் நாலு மணிக்குக் கதவைத் திறந்து வெச்சிட்டு உக்காந்திருப்பாரு. நோன்புக் கஞ்சில மொதக் கிண்ணம் அவருக்குத்தான் போவும்."

மேடம் தாளின் ஓரத்தில் பென்சிலால் எழுதியிருந்த ஒரு குறிப்பில் விரலை வைத்தார். ஜூலை 16. 'தாத்தா வீடு: ஒரு மணி நேரத்திலிருந்து கால் மணி நேரமாகக் குறைக்கணும்.'

பதினாறாம் தேதி குறிப்பு. பதினேழாம் தேதி கேசட்.

ஒரு கிராம்பை வாயில் போட்டுக்கொண்டார். கூடத்துக்கும் அடுப்படிக்கும் நடுவில் ரெண்டு நடை நடந்தார். "கமலு, லியோன்ல ரெண்டு டிகிரி" என்றார்.

"ஸ்வெட்டர் எடுத்துக்கவா?"

"கேசட்டுல தேதி என்ன?"

"ஜூலை பதினே..." எனக்கும் அப்போதுதான் உறைத்தது. "ஜூலை மாசத்துல ஃபிரான்ஸுல எங்க மேடம் பனி கொட்டுது? அங்க அப்ப வெயில் காலமாச்சே."

"வா."

ராஜாங்கம் தாத்தாவுக்கு எழுபத்து நாலு வயது. இஸ்திரி போட்ட அரைக்கை சட்டை, மழமழவென்று ஷேவ் செய்த முகம், கம்பி மாதிரி நிமிர்ந்த முதுகு. எங்களை உட்காரச் சொன்னார். ஒரு தட்டில் பிஸ்கட் வந்தது. நான் அதற்கு வேண்டியதைச் செய்துகொண்டிருக்க, மேடம் உட்காராமல் கூடத்தைச் சுற்றி வந்தார். பெரிய டிவி. அதற்கு எதிரே தாத்தாவின் நாற்காலி. பக்கத்தில் ஒரு குட்டி நாற்காலி, புதிது. மூலையில், மேலே துணி மூடிய டைப்ரைட்டர்.

"பட்டாளத்துல என்ன வேலை பாத்தீங்க முசியே?" என்று பிரெஞ்சு மரியாதையோடு கேட்டார் மேடம்.

"ரேடியோ. அல்ஜேரியால எட்டு வருஷம். எதிராளி வயர்லெஸ்ல பேசறதைக் கேட்டு எழுதறது." பெருமையாகச் சொன்னார். "குரல் நெசமா பேசுதா, நம்மள ஏமாத்த ரெக்கார்டைப் போட்டு விட்டிருக்கானான்னு ஒரு நிமிஷத்துல சொல்லிடுவேன்."

"அப்ப உங்ககிட்டயே கேக்கறேன். இந்தத் தெருவுல ஒருத்தர் ஹாதி பேசறதை டேப் எடுத்து, புள்ளைக்குக் குறையே இல்லன்னு இன்சூரன்சுக்கு அனுப்பிட்டாரு. பிரெஞ்சு தெரியாத ஆளா இருந்தா, பாவம், புள்ள நெசமாவே பேசுதுன்னு ஏமாந்திருக்கலாம். நானும் அப்படித்தான் நெனச்சேன். ஆனா அந்த ஆளு ஏழுக்குக் குறுக்குக் கோடு போடறாரு. பிரெஞ்சு தெரிஞ்ச ஆளு. ஜூலை மாசத்துல லியோன்ல பனி கொட்டுதுன்னு புள்ள சொன்னா, அது ஆறு மாசத்துப் பழைய அறிக்கைன்னு அவருக்குத் தெரியாமலா இருக்கும்?"

தாத்தா பிஸ்கட் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவரு ஏமாறல முசியே. தெரிஞ்சே பண்ணியிருக்காரு. அது ஏன்னுதான் எனக்குப் புரியணும்."

மேடம் நடப்பதை நிறுத்திவிட்டார். ஒருவர் பதிலுக்காக அவர் அப்படி நின்று நான் பார்த்ததில்லை.

"ஜனவரி இருபத்தி மூணு" என்றார் தாத்தா. "அன்னிக்கு அறிக்கை அது. மறுநாள்லேர்ந்து அவன் சொல்ல ஆரம்பிச்சான்."

கடிக்கப் போன பிஸ்கட்டை நான் தட்டிலேயே திரும்ப வைத்தேன்.

"எனக்கு ரெண்டு பொண்ணு, ரெண்டும் அங்கதான். ஞாயித்துக்கிழமை போன் வரும். ரெண்டு நிமிஷம். பேரப் புள்ளைங்க லைனுக்கே வராதுங்க. இங்க என் கூட பிரெஞ்சு பேசின கூட்டாளிங்க ஒவ்வொருத்தரா போயிட்டானுங்க. இந்தப் புள்ள வந்து நிப்பான். நான் 'போன்ழூர்'னு வணக்கம் சொல்வேன். அவன் லியோன்ல ரெண்டு டிகிரிம்பான். அப்படியா, குல்லாய் போட்டுக்கடா அப்படிம்பேன் நான். மலையில பனிம்பான் அவன். அது பேச்சு இல்லன்னு எனக்குத் தெரியாதா மேடம்? தெரிஞ்சுட்டா மட்டும் என்ன? எனக்கு அந்த ஒரு மணி நேரம் போதும். அந்த டீச்சரம்மா வந்தாங்க, குறைய ஆரம்பிச்சுது. போன மாசம் வந்து உக்காந்தான், வாயே திறக்கல. அதுக்கும் மேல கால் மணி நேரம்னு ஆக்கிட்டாங்க. பயிற்சிக்குப் பணம் வர்றது நின்னா, டீச்சரம்மா நின்னுடுவாங்க. பழையபடி ஆயிடும்னு பாத்தேன்."

"எதிர்ல உக்கார வெச்சு டேப் எடுத்தீங்களா?"

"சாக்லேட் குடுத்தேன். ரொம்ப நேரம் காத்திருந்தேன். கடைசில சொன்னான்." குரல் உடைந்தது. "வேலை போவும்னெல்லாம் நான் யோசிக்கல."

மேடம் பையிலிருந்து ஒரு வெள்ளைத் தாளை எடுத்து மேஜையில் வைத்தார். "எழுதிக் குடுங்க. அவன் சொன்னது பழைய வானிலை அறிக்கை, தெரிஞ்சேதான் புகார் குடுத்தேன்னு."

"நோன்" என்று பிரெஞ்சிலேயே மறுத்தார் தாத்தா. எழுந்து டிவி பக்கமாகத் திரும்பிக்கொண்டார். "எழுதினா அந்தப் பொண்ணு இந்த வாசப்படி மிதிக்காது. புள்ளையும் வராது. என்னை விட்டுடுங்க."

"எழுதலன்னா மட்டும் மிதிப்பேனா?"

வாசலில் ரமீஜா நின்றிருந்தார். மணி நாலு. கையைப் பிடித்துக்கொண்டு ஹாதி. எவ்வளவு நேரமாக நின்று கேட்டாரோ தெரியவில்லை.

"தாத்தா, நீங்களா?" அவ்வளவுதான் முதலில் வந்தது. அப்புறம் கொட்டியது. "எவனோ எழுதினான்னு ரெண்டு நாளா முகம் தெரியாதவனுக்கெல்லாம் சாபம் விட்டுட்டு இருந்தேனே! நேத்து இதே வாசல்ல நின்னு உங்ககிட்ட அழுதேன். தலையைத் தடவிக் குடுத்தீங்க. அப்பக்கூட வாய் வரலையா? உங்களுக்குப் பொழுது போகணும்னு என் புள்ள காலம் பூரா ரேடியோவாவே இருக்கணுமா? நான் செத்துட்டா அவன் யாருகிட்ட போய் எப்படிச் சோறு கேப்பான்?"

தாத்தா நின்ற இடத்திலேயே நின்றார்.

ஹாதிக்கு இந்த உலகத்துச் சண்டை எதுவும் வேண்டாம். அம்மா கையை உதறிவிட்டு நேராக டிவிக்கு வந்தான். டிவி ஓடிக்கொண்டிருந்தது, ஆனால் அதன் முன்னால் தாத்தா நின்றிருந்தார். அவன் இந்தப் பக்கம் எட்டிப் பார்த்தான், அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தான். தாத்தாவின் சட்டையைப் பிடித்து இழுத்தான். தாத்தா நகரப் போனார்.

"நகராதீங்க!" ரமீஜாவின் குரல் சாட்டையாக வந்தது. "யாரும் அசையாதீங்க. அவனுக்கு வேணும்னா அவன் கேக்கட்டும். டீச்சர் சொல்லியிருக்காங்க, நாமளே செஞ்சு குடுத்துட்டா அவன் எப்பவும் கேக்க மாட்டான்."

அந்த நிமிஷம் இருக்கிறதே, சாமி! மணி நாலு பத்து. ஐம்பது நிமிஷத்தில் ஃபைல் போய்விடும். தாள் மேஜையில் வெறுமையாகக் கிடக்கிறது. மேடத்தின் வலது கால் துடிக்கிறது, அவர் அதை இடது காலால் மிதித்துக்கொண்டிருக்கிறார். ஹாதி முனகினான். கையை உதறினான். தலையைப் பின்னுக்குத் தள்ளினான். இதோ கத்தப் போகிறான், சுவரில் முட்டப் போகிறான் என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன். ரமீஜா மட்டும் அசையவில்லை. புடவைத் தலைப்பைக் கையில் சுற்றிச் சுற்றி இறுக்கிக்கொண்டிருந்தார்.

ஹாதி தலையைத் தூக்கித் தாத்தாவின் முகத்தைப் பார்த்தான்.

"தள்ளு" என்றான்.

சின்னக் குரல். ஏற்ற இறக்கம் எதுவும் இல்லை, கொஞ்சம் கரகரப்பு. தமிழ். யாரிடமிருந்தும் கடன் வாங்காதது.

"தள்ளு, தாத்தா."

ரமீஜா சுவரோடு சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். "யா அல்லா" என்றார். அழுதாரா சிரித்தாரா என்று சொல்ல எனக்குத் தெரியவில்லை. தாத்தா அப்படியே பின்னால் நகர்ந்து, நாற்காலியைப் பிடித்துக்கொண்டார்.

"என்னைத்தான் சொன்னான்" என்றார். "என்னைப் பாத்துச் சொன்னான். மேடம், நீங்க பாத்தீங்கல்ல? ஒரு வருஷத்துல என்கிட்ட அவன் பேசினது இதான் மொத தடவை."

"பாத்தேன்" என்றார் மேடம்.

தாத்தா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பேனாவைத் திறந்தார். தமிழில் ஒரு தரம், பிரெஞ்சில் ஒரு தரம் எழுதினார். கேட்காமலேயே, 'கமருஸ்ஸமான் மேல் ஒரு தவறும் கிடையாது, தண்டனை எனக்கு வரட்டும்' என்று ஒரு வரி சேர்த்தார். கீழே கையெழுத்து, விலாசம், பட்டாள நம்பர். டிவியில் லியோனுக்கு முப்பத்தொரு டிகிரி என்று சொன்னார்கள். ஹாதி பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தான்.

கால் மணி நேரம் முடிந்ததும் ரமீஜா எழுந்து முகத்தைத் துடைத்துக்கொண்டு பையனின் கையைப் பிடித்தார்.

"நாளைக்கு வருவானாம்மா?" தாத்தா அவர் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்.

ரமீஜா வாசற்படியில் நின்று திரும்பினார். மன்னித்த முகம் இல்லை அது.

"நானாக் கூட்டிட்டு வர மாட்டேன் தாத்தா. தாத்தா வீடு வேணும்னு அவன் கேக்கணும். அவன் வாயால. கேட்டான்னா, அன்னிக்குக் கூட்டிட்டு வர்றேன்."

"கேப்பானா?"

"டீச்சர் வந்துட்டே இருந்தா கேப்பான்."

போய்விட்டார்கள். மேடம் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு படியிறங்கினார். மணி நாலு முப்பத்தஞ்சு. தெருவில் எங்களுக்கு எதிரே ஒரு மாட்டு வண்டி, ரெண்டு ஆட்டோ, பள்ளிக்கூடம் விட்டு வருகிற சைக்கிள் கூட்டம். வண்டியை உதைத்தேன், கிளம்பவில்லை. இன்னொரு உதை. மேடம் என் முதுகில் தட்ட ஆரம்பித்தார்.

"இன்னும் என்ன நிக்கிறீங்க?"

திரும்பினால் தாத்தா. செருப்புகூடப் போடாமல் தெருவில் இறங்கி வந்திருந்தார்.

"அஞ்சு மணிக்குள்ள போய்ச் சேந்துடுவீங்கல்ல? அந்தப் பணம் நின்னுடக் கூடாது மேடம். சென்னைக்கு நான் வந்து சொல்லணும்னாலும் வர்றேன். சீக்கிரம் போங்க, போங்க!"

மூன்றாவது உதையில் வண்டி கிளம்பியது. புகார் கொடுத்த அந்த மனிதர் நடுத்தெருவில் நின்று, ரெண்டு கையையும் விரித்து, ஆட்டோக்களையும் சைக்கிள்களையும் நிறுத்தி எங்களுக்கு வழி விட்டார்.